கால்சியம் பவுடர் போட்டும் டிராகனின் தாடை ஏன் மெத்தென்று இருக்கிறது?

கேள்வி: என்னிடம் ஏழு மாத வயதுள்ள பியர்டட் டிராகன் என்ற பல்லி இருக்கிறது. கொஞ்ச நாளாக அது சரியாக நடக்கவில்லை, வயிற்றைத் தரையில் தேய்த்தபடி பின்கால்களை இழுத்துக்கொண்டு போகிறது. கால்விரல்கள் தானாகத் துடிக்கின்றன. கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்குகிறது, வாலில் ஒரு வளைவும் தெரிகிறது. ஆனால் தொடைகள் கொழுகொழுவென்றுதான் இருக்கின்றன. மீல்வார்ம் புழு, ஐஸ்பர்க் லெட்டூஸ் கொடுக்கிறேன். கண்ணாடித் தொட்டி, மேலே சூடு தரும் பல்பு உண்டு, வெயிலுக்காக ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கால்சியம் குறைவு என்று படித்துவிட்டு ஒரு வாரமாகப் பவுடரை நிறையத் தூவுகிறேன், இப்போது சாப்பாட்டையே தொட மாட்டேன் என்கிறது. எத்தனை ஸ்பூன் கொடுக்க வேண்டும்? பால் அல்லது முட்டை ஓட்டுத்தூள் கொடுக்கலாமா? தாடை பழையபடி ஆகுமா? லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி ஒன்றும் வளர்க்கிறேன், அதற்கு விளக்கே கிடையாது. அதற்கும் இப்படி வருமா?

பதில்: ஸ்பூன் கணக்கை அப்புறம் பார்ப்போம். விரல் துடிப்பு, அமுங்கும் தாடை, இழுபடும் பின்கால் மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் அது வீட்டில் பவுடர் போட்டுச் சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இன்றைக்கோ நாளைக்கோ கொண்டுபோங்கள். துடிப்பு விரலிலிருந்து கால் முழுவதும் பரவினாலோ, உடம்பு விறைத்துக்கொண்டாலோ, வலிப்பு மாதிரி வந்தாலோ நாளைக்கு என்பதும் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும். ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டதன் அடையாளம் அது. நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர்தான் பக்கத்தில் இருக்கிறார் என்றால் அவரிடமே போங்கள், ஊர்வன பார்க்கும் வேறொரு மருத்துவரிடம் அவர் போனில் பேசியாவது முதலுதவி செய்ய முடியும்.

போகும்வரை அதைக் கையில் எடுத்துக் கொஞ்சுவதை நிறுத்துங்கள். இது கண்டிப்பான வார்த்தை. இந்த நிலையில் எலும்பு அவ்வளவு மெலிந்திருக்கும், விலாவை அழுத்திப் பிடித்தாலே உடையும், கிளையிலிருந்து ஒரு சாண் உயரம் விழுந்தாலும் உடையும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளங்கையை முழு உடம்புக்கும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள், வாலையோ ஒரு காலையோ பிடித்து இழுக்காதீர்கள். தொட்டிக்குள் இருக்கும் கிளை, உயரமான கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரையில் மடித்த துணியோ டிஷ்யூ பேப்பரோ விரியுங்கள், வெயில் காயும் இடத்துக்கு ஏறாமலேயே போகிற மாதிரி தாழ்வாக அமைத்துவிடுங்கள். வாயைப் பிளந்து எதையும் ஊட்ட வேண்டாம். அந்தத் தாடை பிளக்கும் வேகத்திலேயே முறியலாம், துடிப்பு இருக்கும்போது ஊற்றியது நுரையீரலுக்கும் போய்விடலாம். சின்னப் பெட்டியில் காற்றுத் துளை விட்டு, துணி விரித்து, உடம்பு குளிராமல் கொண்டுபோங்கள்.

கூடவே மூன்று படங்களை போனில் எடுத்துக்கொண்டு போங்கள்: தொட்டி முழுவதும் தெரியும் படம், பல்பின் அட்டைப்பெட்டி, பவுடர் டப்பாவின் பின்பக்க லேபிள். இப்படிப்பட்ட கேஸில் பாதி நோயறிதல் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் பல்பின் மேலேயே அச்சிட்டிருப்பதைப் படம் எடுங்கள்.

சரி, என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். இது புரிந்தால் பவுடர் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் புரியும்.

உங்கள் டிராகனுக்கு வந்திருப்பதை வளர்ப்பவர்கள் எம்பிடி என்பார்கள், அதாவது மெட்டபாலிக் போன் டிசீஸ் என்ற எலும்பு நோய். அந்தப் பெயருக்குள் பல நோய்கள் அடங்கும், இளம் பல்லிகளில் பெரும்பாலும் வருவது சத்துக்குறைவால் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்யும் வகை. கால்சியம் எலும்புக்கு மட்டுமானது அல்ல. தசை சுருங்க, நரம்பில் சேதி போக, இதயம் துடிக்க, குடல் அசைய எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் அது ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். உணவிலிருந்து வராதபோது பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து அதை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. சம்பளம் வராத வீட்டில் வைப்புநிதியை உடைத்துச் சாப்பிடுவது போல. வெளியே பார்க்கிறவருக்குக் குடும்பம் நன்றாகத்தான் நடக்கிறது. அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் நாங்கள் நிம்மதியாவதில்லை. எக்ஸ்ரேயும் அப்படித்தான், எலும்பின் தாதுவில் சுமார் 30 சதவீதமாவது போன பிறகுதான் அந்த இழப்பு படத்தில் தெளிவாகத் தெரியும். ஆக, விரல் துடிக்க ஆரம்பித்தது சேமிப்பில் பெரும்பகுதி கரைந்த கட்டத்தில்.

கொழுகொழு தொடை என்று எழுதியிருக்கிறீர்களே, அது கொழுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. எலும்பு மெலியும்போது அதைத் தாங்குவதற்காக உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவைக் கட்டுகிறது. தொட்டால் கெட்டியாக, உருண்டையாக இருக்கும், பார்ப்பதற்கு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிராணி மாதிரி தெரியும். தாடை இரண்டு பக்கமும் வீங்கிச் சிரித்த முகம் போலத் தெரிவதும் இதே காரணத்தால்தான். "குண்டாத்தானே இருக்கு" என்று நினைத்து இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பின்கால் இழுபடுவதற்கு வெறும் பலவீனம் காரணமாக இருக்கலாம், முதுகெலும்பில் விரிசல் விட்டுத் தண்டுவடம் நசுங்கியதும் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் எதிர்காலம் வேறு வேறு, எக்ஸ்ரே எடுக்காமல் பிரிக்க முடியாது. மலம் கழிக்கிறதா என்பதையும் கவனியுங்கள், குடல் தசைக்கும் கால்சியம் வேண்டும் என்பதால் இந்த நோயில் மலச்சிக்கலும் வயிறு உப்புவதும் சாதாரணம்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். மூன்று இடத்தில் ஓட்டை இருக்கிறது, பெரிய ஓட்டை வெளிச்சத்தில்.

வாயில் போன கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போக வைட்டமின் டி3 வேண்டும். பகலில் வெயில் காயும் பல்லிகள் அந்த டி3-ஐத் தங்கள் தோலிலேயே தயாரிக்கின்றன. அதற்குத் தேவைப்படுவது புற ஊதாக் கதிரில் யூவிபி என்கிற பகுதி, அதிலும் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம். தோலில் உருவாகும் முன்பொருள் உடம்புச் சூட்டில்தான் டி3 ஆக மாறும், பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இன்னும் இரண்டு மாற்றம் நடந்த பிறகே அது குடலில் வேலைக்கு வரும். வாய் வழியாக டி3 கொடுத்துவிட்டால் யூவிபி வேண்டாமே என்று கேட்பார்கள். பியர்டட் டிராகனில் வாய்வழி டி3 யூவிபிக்கு ஈடாக ரத்த அளவை உயர்த்துவதில்லை, பச்சை இகுவானாவும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். அதனால் யூவிபி இல்லாத தொட்டியில் நீங்கள் கொட்டும் பவுடரில் பெரும்பகுதி உள்ளே போய் அப்படியே மலத்தில் வெளியே வருகிறது. உங்கள் ஒரு வாரப் பவுடருக்கு ஆனது இதுதான்.

ஜன்னல் ஓர வெயில் உதவாது. சாதாரணக் கண்ணாடி யூவிபியைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு வரும், வேண்டியது மட்டும் வராது. அதோடு கண்ணாடித் தொட்டிமேல் நேரடி வெயில் பட்டால் உள்ளே சில நிமிஷத்தில் பிராணி வெந்து சாகும் அளவுக்குச் சூடேறும். தயவுசெய்து இன்றைக்கே தொட்டியை அங்கிருந்து நகர்த்துங்கள். நிஜமான வெயில் அருமையான மருந்துதான், ஆனால் கம்பிவலைக் கூண்டில், பாதியில் நிழல் இருக்கும்படி, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து காட்ட வேண்டும். அதுவும் மருத்துவர் சரி என்ற பிறகு.

அடுத்து பல்பு. சூடு தரும் பல்பு யூவிபி தராது. சில பெட்டிகளில் 'யூவி' என்று மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள், அது யூவிஏ என்கிற வேறு பகுதியாக இருக்கும், பார்வைக்கும் பசிக்கும் நல்லது, டி3-க்குப் பயனில்லை. 'யூவிபி' என்ற எழுத்து இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், டிராகனுக்குத் தொட்டி நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 ஹை அவுட்புட் குழல்விளக்கு, யூவிபி 10 முதல் 12 சதவீதம் என்று போட்ட வகையை வாங்குவேன். சுருள் வடிவச் சின்னப் பல்புகளை நான் பரிந்துரைப்பதில்லை, கொஞ்சம் தள்ளிப் போனாலே அவற்றின் யூவிபி சரிந்துவிடும், தொட்டியில் ஒரு மூலைக்கு மட்டும்தான் கிடைக்கும். பொருத்தும் தூரம் இன்னும் முக்கியம். பலர் இருபது அங்குல உயரத்தில், அடர்ந்த வலைமூடிக்கு மேலே வைத்துவிட்டு நல்ல விளக்கு போட்டிருக்கிறேன் என்பார்கள். வலையின் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ பாதியோ அங்கேயே போய்விடும். விளக்கு வலைக்கு உள்ளே இருந்தால் டிராகன் படுக்கும் இடத்திலிருந்து சுமார் 30 முதல் 40 சென்டிமீட்டர், வலைக்கு மேலே என்றால் அதைவிடக் கிட்டே என்பது தொடங்குவதற்கான அளவு, தயாரிப்பாளர் தரும் தூர அட்டவணையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டுப் பல்பும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே இடத்தின்மேல் விழ வேண்டும். ஒரு மூலையில் சூடு, இன்னொரு மூலையில் யூவிபி என்று வைத்தால் பிராணி சூட்டைத்தான் தேடிப் போகும், யூவிபி காலித் தரையில் விழுந்துகொண்டிருக்கும்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளக்கு எரிகிறது என்பதால் யூவிபி வருகிறது என்று நினைக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வருஷக்கணக்கில் இருக்கும், யூவிபி 6 முதல் 12 மாதத்தில் பயனில்லாத அளவுக்குக் குறைந்துவிடும். மாட்டிய தேதியை விளக்கின் மேலேயே மார்க்கரில் எழுதிவையுங்கள். முடிந்தால் யூவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வலிமையை அளக்கும் மீட்டர், வளர்ப்பவர்கள் சோலார்மீட்டர் 6.5 என்பதைத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள், வாங்குங்கள் அல்லது யாரிடமாவது கேட்டு வாங்கி அளந்து பாருங்கள். பல்லிகளை அவற்றின் வெயில் பழக்கத்தை வைத்து நான்கு பெர்குசன் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், பியர்டட் டிராகன் மூன்றாவது மண்டலம். அது படுத்து வெயில் காயும் இடத்தில், முதுகு உயரத்தில் இண்டெக்ஸ் 3-லிருந்து 6-க்குள் இருந்தால் போதும், நகர்ந்து போனால் நிழலில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். நோய் வந்துவிட்டது என்று இரண்டு விளக்கு மாட்டிவிடாதீர்கள், கண்ணும் தோலும் வெந்துபோகும்.

இரண்டாவது ஓட்டை சாப்பாடு. கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு கூடவே பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மிகையான பாஸ்பரஸ் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உணவு மொத்தத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைக்கும் இலக்கு. பூச்சிகளோ இதற்கு நேர் எதிர். கிரிக்கெட் பூச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல ஏழு மடங்கு வரை இருக்கும், உங்கள் மீல்வார்மில் பத்து மடங்குக்கும் மேலே. தினமும் கொடுக்கிற பூச்சிகளில் விதிவிலக்கு என்றால் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, அதில் மட்டும்தான் கால்சியம் பாஸ்பரஸைவிட அதிகம். ஐஸ்பர்க் லெட்டூஸ் பெரும்பாலும் தண்ணீர், திட்ட ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை. கடுகுக் கீரை, டேன்டலியன், காலர்டு, டர்னிப் இலை, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மாதிரியானவை நல்லவை. பாலக், பீட்ரூட் இலை, சுவிஸ் சார்டு மூன்றிலும் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேரவிடாது; எப்போதாவது ஒரு இலை விழுந்தால் ஆபத்தில்லை, தினசரித் தட்டில் வேண்டாம்.

பூச்சிகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பிறகு பல்லிக்குப் போடுவதைக் கட்லோடிங் என்பார்கள். கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்னால் அவற்றுக்குக் கால்சியம் மிகுந்த தீவனம், கீரை கொடுக்க வேண்டும். பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடுதான். சின்னதாக ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், மீல்வார்மை முழு உணவாக வைக்காதீர்கள், கிரிக்கெட், டூபியா கரப்பான், சோல்ஜர் ஈப் புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாவது சூடு. தொட்டியில் வெப்பமானி இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை, நான் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இளம் டிராகன் வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு சுமார் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், தொட்டியின் எதிர்ப் பக்கம் 24 முதல் 28-க்குள். உடம்பு சூடாகாவிட்டால் செரிக்காது, டி3-யும் மெதுவாகத்தான் உருவாகும். சுவரில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள். விளக்குகள் பகலில் 12 மணி நேரம், இரவில் முழு இருட்டு.

இப்போது உங்கள் ஸ்பூன் கேள்வி. சிகிச்சைக்கான அளவை நான் இங்கே எழுத மாட்டேன், அது பிராணியின் எடை, ரத்தப் பரிசோதனை இரண்டையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஆரோக்கியமான டிராகனுக்குத் தடுப்புக்கான வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். பாஸ்பரஸ் இல்லாத, டி3 கலக்காத கால்சியம் கார்பனேட் பவுடர்; வளரும் பருவத்தில் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு வேளைப் பூச்சியில். டி3 கலந்தது வாரத்துக்கு ஒரு நாள், யூவிபி சுமார்தான் என்றால் இரண்டு நாள். மல்ட்டிவைட்டமின் வாரத்துக்கு ஒரு முறை, அது வேறு நாளில். வளர்ந்த பிறகு பூச்சியே குறைந்துவிடும், பவுடர் வாரத்துக்கு மூன்று முறை போதும். பூச்சிகளை ஒரு கப்பில் போட்டு ஒரு சிட்டிகை தூவிக் குலுக்கினால் மெல்லிய படலமாக ஒட்டும், அவ்வளவுதான் வேண்டும். பூச்சி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், அரை மணி நேரத்தில் பாதி போய்விடும், அதனால் தூவிய கையோடு கொடுத்துவிடுங்கள். நீங்கள் செய்தது போல வெள்ளைக் குவியலாகக் கொட்டினால் அதற்கு ருசி பிடிக்காமல் உணவையே வெறுக்கும், அதுதான் நடந்திருக்கிறது. டி3-ஐ அளவில்லாமல் கொடுத்தால் இன்னும் மோசம், உடம்பால் கொழுப்பில் சேர்ந்த டி3-ஐச் சட்டென்று வெளியேற்ற முடியாது, ரத்தக்குழாய், சிறுநீரகம் போன்ற மெல்லிய இடங்களில் கால்சியம் படிய ஆரம்பிக்கும். உங்கள் டப்பாவில் டி3 இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு வாரம் எவ்வளவு போனது என்பதையும்.

பால் வேண்டாம். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் வயிறு ஊர்வனவற்றுக்குக் கிடையாது, வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற நீரும் போய்விடும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்தான், நன்றாகக் கொதிக்கவைத்து மாவாக அரைத்தால் தப்பில்லை. ஆனால் பல்லுக்குள் நெறுநெறுவென்று மணல் மாதிரி இருக்கும் தூளைவிட கடைப் பவுடர் நுண்ணியது. நோயாளிக்கு அதைப் போட்டுச் சிகிச்சை என்று நினைக்காதீர்கள், யூவிபி இல்லாமல் இரண்டும் ஒன்றுதான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் உடம்பைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து நீரேற்றுவார்கள். துடிப்போ வலிப்போ இருந்தால் கால்சியம் குளுக்கோனேட்டை நீர்த்து, மிக மெதுவாக ஊசி வழியாகக் கொடுப்பார்கள், வேகமாகப் போனால் இதயத்தைத் தாக்கும் என்பதால்தான் இது வீட்டு வேலை அல்ல. துடிப்பு அடங்கியதும் வாய்வழி கால்சியம் திரவத்துக்கு மாற்றுவார்கள், அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தொடரும். டி3 ஊசி தேவையா என்பது அளவுகளைப் பார்த்துதான். வலி மருந்து கட்டாயம் கேளுங்கள், உடைந்த எலும்போடு நடமாடும் பிராணி கத்தாது என்பதால் வலி இல்லை என்று ஆகாது. எலும்பு முறிந்திருந்தால் கம்பி வைத்துப் பொருத்தும் அறுவைசிகிச்சையை இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் செய்ய மாட்டோம், ஆணி பிடிக்க எலும்பில் வலு இருக்காது. ஓய்வும் மெல்லிய கட்டும்தான். கால்சிட்டோனின் என்றொரு ஹார்மோன் ஊசியைப் பற்றிப் படித்துவிட்டு அதைப் போடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தக் கால்சியம் இயல்புக்கு வந்த பிறகே அதை யோசிக்கலாம், தாழ்ந்திருக்கும்போது போட்டால் இன்னும் கீழே இறக்கிவிடும்.

ரத்தத்தில் கால்சியத்தோடு பாஸ்பரஸ், யூரிக் அமிலம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் டிராகனுக்கு ஏழு மாதம்தான், அதனால் சத்துக்குறைவுதான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு நம்புகிறேன். ஆனால் வயதான பல்லியில் இதே அறிகுறி வந்தால் சிறுநீரகம் பழுதாகி, பாஸ்பரஸ் தேங்கி எலும்பு கரைவதாக இருக்கலாம். அப்படிப்பட்டதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கால்சியமும் டி3-யும் ஏற்றுவது நெருப்பில் நெய் ஊற்றுவதுதான்.

தாடை பழையபடி ஆகுமா என்றீர்கள். கெட்டியாகும், அது பெரும்பாலும் உறுதி. இந்த வயதில் எலும்பு வேகமாகத் தாது ஏற்றிக்கொள்ளும். வடிவம் திரும்புமா என்றால் முழுதாகத் திரும்பாது. வளைந்து கெட்டிப்பட்ட தாடை, வாலில் விழுந்த முடிச்சு, கோணிய கால் அப்படியேதான் நிற்கும், அதோடு பல வருஷம் நன்றாகச் சாப்பிட்டு வாழும் டிராகன்கள் நிறைய. துடிப்பு முதலில் நிற்கும், பசி அதற்கப்புறம் வரும், உடம்பைத் தரையிலிருந்து தூக்கி நடப்பது கடைசியில். முதல் மாதம் பெரிய மாற்றம் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை எடை போட்டு எழுதிவையுங்கள். துடிப்பு நின்றுவிட்டதே என்று கால்சியத்தை நீங்களே நிறுத்துவதுதான் திரும்ப வருவதற்கு முதல் காரணம். முதுகெலும்பு நசுங்கி, கால் உணர்வும் மலம் கழிக்கும் கட்டுப்பாடும் போயிருந்தால் மட்டும் பேச்சு வேறு, அதை உங்கள் மருத்துவர் எக்ஸ்ரேயோடு உட்கார்ந்து நேராகச் சொல்லட்டும்.

லெப்பர்ட் கெக்கோவுக்கும் வரும், வழி மட்டும் கொஞ்சம் வேறு. அது அந்தி நேரத்துப் பிராணி, முதல் பெர்குசன் மண்டலம், டிராகனுக்கு வாங்கும் விளக்கை அதன்மேல் போட்டால் கொடுமை. டி3 கலந்த கால்சியத்தை ஒழுங்காகக் கொடுத்தால் யூவிபி இல்லாமலும் வளரும், பலர் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனாலும் மிகக் குறைந்த யூவிபி கொஞ்ச நேரம் பட்டாலே அதன் ரத்தத்தில் வைட்டமின் டி ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் நிழல்வாசி இனங்களுக்கென்று வரும் பலவீனமான குழல்விளக்கு ஒன்று போடுவதை நான் விரும்புகிறேன், இண்டெக்ஸ் 0.7-ஐ ஒட்டி, ஒளிந்துகொள்ள மூன்று நான்கு இடத்தோடு. நிறமி இல்லாத அல்பினோ வகை என்றால் இதையும் விட்டுவிடுங்கள், கண் தாங்காது. விளக்கு இல்லாதவரை டி3 கலந்த பவுடர் வாரத்துக்கு இரண்டு வேளை, மற்ற வேளைகளில் டி3 இல்லாதது. தொட்டியில் ஒரு மூடியில் டி3 இல்லாத பவுடரைக் கொஞ்சம் வையுங்கள், வேண்டும்போது நக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி. கால்சியம் மணல் என்று விற்பதை மட்டும் தரையில் கொட்டிவிடாதீர்கள், கால்சியம் தேடும் கெக்கோ அதைத்தான் அள்ளித் தின்னும், குடலில் கெட்டித்து அடைத்துக்கொள்ளும்.

கெக்கோ பெண் என்றால் இன்னொரு விஷயம், ஆண் பக்கத்திலேயே இல்லாவிட்டாலும் அது முட்டை வைக்கலாம். முட்டை ஓட்டுக்கான கால்சியமும் அதே எலும்பிலிருந்துதான் போகிறது, குறைந்தால் முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு இல்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வயிற்றின் இரண்டு பக்கமும் வெள்ளையாக உருண்டை தெரிந்தால் பவுடரை ஒவ்வொரு வேளையும் தூவுங்கள், ஈரமான பாசி போட்ட பெட்டி ஒன்றை உள்ளே வையுங்கள், தோண்டிக்கொண்டே இருந்து முட்டை வராமல் சோர்ந்து படுத்தால் காத்திருக்க வேண்டாம். டிராகனைக் கொண்டுபோகும்போது கெக்கோவையும் தனிப் பெட்டியில் கூட்டிப்போய் ஒரு தடவை தாடையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.